சத்தம் போடாமல் தேடுங்கள்

இரண்டு வருடமாக அந்த வீட்டில் காலை ஏழு மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் இடையில் யாரும் தும்மியதில்லை. தும்மல் வந்தால் மாமனார் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளிப் படிக்கட்டுக்கு ஓடுவார். வாசல் மணியின் ஒயரை அவரே கத்தரித்துவிட்டார். டிவி ஓடும், வாய்கள் அசையும், குரல் மட்டும் வராது. செய்தி வாசிக்கிறவரின் புருவத்தைப் பார்த்தே உலக நிலவரத்தைத் தெரிந்துகொள்ளும் அளவுக்கு மனிதர் தேறியிருந்தார். மிக்ஸிக்கு நான்கு மணிக்கு மேல்தான் உயிர். வீட்டிலிருந்த எல்லாப் போன்களும் சைலண்டில் கிடந்தன. அதிர்வுகூடக் கிடையாது. மர மேசைமேல் போன் அதிர்ந்தால் அது சுவர் வழியாகப் போய் மாப்பிள்ளையின் தூக்கத்தைக் கெடுக்கும் என்று மாமியார் ஒரு நாள் கண்டுபிடித்துவிட்டார்.

இத்தனையும் மாப்பிள்ளைக்காக. வீட்டோடு மாப்பிள்ளை என்றால் சும்மாவா? அதிலும் நைட் டூட்டி மாப்பிள்ளை. மருந்துக் கிடங்கில் இரவு பத்து முதல் காலை ஐந்தரை வரை பெட்டி கட்டும் வேலை. பகலெல்லாம் தூங்கவேண்டிய ஜீவன். பக்கத்து வீட்டுக்காரர்கள் ‘ராக்கோழி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். மாமியார் அதையும் தாழ்ந்த குரலில்தான் சொல்ல அனுமதித்தார்.

ஒரே ஒரு சின்ன விஷயம்தான் வீட்டாருக்குத் தெரியாது. மாப்பிள்ளை அந்த வேலையை விட்டு இருபத்துமூன்று நாள் ஆகிவிட்டது.

விட்ட விதமும் அப்படியொன்றும் வீரமானதல்ல. ஒரு நாள் நள்ளிரவுக்கு மேல் நான்கு நிமிடம் சும்மா நின்றான். எதற்காக நிற்கிறாய் என்று சூப்பர்வைசர் ஒலிபெருக்கியில் கேட்டார். பதிலுக்கு அவன் கையிலிருந்த ஸ்கேனரை எதிரிலிருந்த பெட்டிக்குள் வைத்து, டேப் ஒட்டி, ஓடிக்கொண்டிருந்த பெல்ட்டில் ஏற்றிவிட்டு வெளியே வந்துவிட்டான். அந்த ஸ்கேனர் இப்போது எந்த மருந்துக்கடையில் இருமல் மருந்துகளோடு உட்கார்ந்திருக்கிறதோ.

வேலை போனதை வீட்டில் சொல்லியிருக்கலாம். ஆனால் வேலையில்லாத மாப்பிள்ளைக்கும் வேலைக்குப் போகிற மாப்பிள்ளைக்கும் மாமியார் வீட்டில் உள்ள வித்தியாசம் அவனுக்குத் தெரியும். பின்னவனுக்காகத் தும்மலை அடக்குவார்கள். முன்னவனைப் பார்த்துத் தும்முவார்கள். பகல் வேலை ஒன்று கிடைக்கட்டும், ‘மாற்றிக்கொண்டேன்’ என்று மார்தட்டிச் சொல்லிக்கொள்ளலாம் என்பது திட்டம். சம்பளத் தேதிக்கு இன்னும் ஏழு நாள் இருந்தது. நான்கு இடத்துக்கு விண்ணப்பித்தான். ஓர் இடத்திலிருந்து பதில் வந்தது, நன்றி சொல்லியிருந்தார்கள்.

ஆகவே அவன் தினமும் இரவு ஒன்பது மணிக்கு, மாமியார் கட்டித் தரும் சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, களைத்த முகத்தோடு கிளம்பினான். பஸ் ஏறி அரசாங்க ஆஸ்பத்திரியின் காத்திருப்புக் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தான். ராத்திரி முழுக்க நாற்காலியில் தூங்கினாலும் ‘யார் நீ’ என்று கேட்காத ஒரே இடம் அதுதான். அங்கே தூங்குகிறவனெல்லாம் யாரோ ஒரு நோயாளியின் சொந்தக்காரன். மூன்றாவது நாள் செக்யூரிட்டி, “யாருக்கு சார் முடியல?” என்று கேட்டபோது, “பெரியப்பாவுக்கு” என்று வாயில் வந்தது. அன்றிலிருந்து நான்காவது மாடியில் அவனுக்கு ஒரு பெரியப்பா. இருபது நாளாக அவர் தேறவும் இல்லை, போய்ச்சேரவும் இல்லை.

அந்த வியாழக்கிழமை காலை பத்து நாற்பதுக்கு அவன் அறைக் கதவு திறந்தது. இரண்டு வருடத்தில் நடக்காத அதிசயம். கறுப்புத் திரைச்சீலை போட்ட இருட்டுக்குள் மாமியாரின் தலை மட்டும் வந்தது.

“மாப்பிள்ளை,” என்றார் கிசுகிசுப்பாக. “தூங்கறீங்களா?”

ஆஸ்பத்திரி நாற்காலியில் ஏழு மணி நேரம் தூங்கிவிட்டு வந்தவன், போர்வைக்குள் விழித்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்தபடி கிடந்தான். இருந்தாலும் தொழில் தர்மம் என்று ஒன்று உண்டு. மூன்று எண்ணிவிட்டு முனகினான்.

“ம்ம்... என்ன அத்தை?”

“நீங்க தூங்குங்க. என் போன மட்டும் பாத்தீங்களான்னு கேக்க வந்தேன்.”

“இல்லையே.”

“சரி தூங்குங்க. நாங்க சத்தம் போடாம தேடிக்கறோம்.”

அவன் எழுந்து கூடத்துக்கு வந்தபோது அந்தத் தேடலைக் கண்ணால் பார்த்தான். மாமனாரும் மாமியாரும் நுனிக்காலில் நடந்து, அலமாரிக் கதவுகளைப் பூனை மாதிரித் திறந்து மூடி, சைகையில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். திருட வந்தவர்கள்கூட இன்னும் கொஞ்சம் சத்தமாகத் தேடியிருப்பார்கள்.

மாமனார் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். எது காணாமல் போனாலும் எதையாவது கழற்றிப் பார்ப்பது அவர் வழக்கம். சோஃபாவைக் கவிழ்த்துப்போட்டு நான்கு கால்களையும் கழற்றியிருந்தார். உள்ளிருந்து ஒரு சீப்பு, இரண்டு பேனா, மகள் பள்ளியில் படித்தபோது தொலைத்த தோடு எல்லாம் வந்திருந்தன.

“போன் சோஃபா காலுக்குள்ள எப்படிங்க போகும்?” என்றார் மாமியார் காற்றுக் குரலில்.

“தோடு போயிருக்கே.”

“போன் தோடா?”

மச்சான், அதாவது மனைவியின் தம்பி, மூலையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தான். வாடகைக் கார் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை. எந்தக் கார் எங்கே நிற்கிறது என்று நாளெல்லாம் திரையில் பார்த்து, கோபமாக இருக்கும் பயணிகளுக்கு ‘இன்னும் இரண்டு நிமிடம்’ என்று தட்டி அனுப்புவான். பேசுகிற வேலை கிடைத்தும், அத்தானின் தூக்கத்துக்காகத் தட்டுகிற வேலையாக மாற்றி வாங்கியவன்.

“கூப்பிட்டுப் பாத்தாச்சா?” என்று கேட்டான் மாப்பிள்ளை.

“சைலண்ட்ல இருக்கற போன கூப்பிட்டு என்ன அத்தான் பண்றது? இருந்தாலும் கூப்பிட்டேன். ஸ்விட்ச் ஆஃப்னு வருது.”

“அப்ப திருட்டுதான்,” என்றார் மாமியார். “தொலஞ்ச போன் தானா ஆஃப் ஆகாது. எடுத்தவன்தான் ஆஃப் பண்ணுவான். இருபத்தெட்டு வருஷம் பாத்திருக்கேன்.”

மாமியார் இருபத்தெட்டு வருடம் ஒரு துணி ஆலையின் வாசலில், டைம் ஆபீஸில் உட்கார்ந்திருந்தவர். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், யார் யாருக்காகக் கார்டு அடித்தார், யாருடைய பாட்டி எத்தனை தடவை செத்தார் என்றெல்லாம் கணக்கு வைத்திருந்தவர். ஆலை மூடிய பிறகும் பழக்கம் விடவில்லை. சுவரில் மாட்டியிருந்த காலண்டரைக் கழற்றி, போன மாதத் தாளின் பின்பக்கத்தில் கோடு கிழித்து, நேற்று வீட்டுக்கு வந்தவர் போனவர் எல்லோருக்கும் நேரம் போட்டுவைத்திருந்தார். தண்ணீர் கேன் போடுகிறவர், உள்ளே நாலு பத்து, வெளியே நாலு பதிமூன்று. ஏணி கேட்டு வந்த எதிர்வீட்டுக்காரி, உள்ளே ஐந்து இருபது, வெளியே ஆறு ஐந்து.

“ஏணி கேக்க முக்கா மணி நேரம்!” என்று பென்சிலால் தட்டினார். “நோட் பண்ணிக்கோ.”

“கடைசியா எப்பம்மா பேசின?” என்றான் மச்சான்.

“நேத்து ராத்திரி எட்டே முக்காலுக்குப் பெரியக்கா கூப்பிட்டா. பேசிக்கிட்டேதான் மாப்பிள்ளைக்கு டப்பா கட்டினேன். அந்தக் கிளிப் வேற இறுக்கமா இருக்குமா, ரெண்டு கையாலயும் அமுக்கணும். ‘அப்பறம் பேசறேன்’னு வெச்சேன்.”

“எங்க வெச்ச?”

“அது தெரிஞ்சா உங்கிட்ட ஏன்டா கேக்கறேன்?”

மச்சான் பெருமூச்சு விட்டு மடிக்கணினியைத் திருப்பினான். குடும்பத்தில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று காட்டும் செயலி ஒன்றை எல்லோர் போனிலும் மூன்று மாதம் முன்பே போட்டிருந்தான். மாப்பிள்ளையின் போனில் மட்டும் இல்லை. கிடங்கில் அதற்கெல்லாம் அனுமதியில்லை என்று மாப்பிள்ளை அப்போது சொன்னதைப் பாதுகாப்பு விஷயம் என்று எல்லோரும் மதித்தார்கள்.

“கடைசியா எங்க இருந்துச்சுன்னு காட்டும். இரு... வந்துருச்சு. காலைல நாலு முப்பத்தேழு. அதுக்கப்பறம் செத்துருச்சு.” அவன் திரைக்கு அருகே குனிந்தான். “அம்மா, இது ஆஸ்பத்திரிம்மா.”

“எந்த ஆஸ்பத்திரி?”

“பெரிய கவர்மெண்ட் ஆஸ்பத்திரி. வெயிட்டிங் ஹால்.”

மாப்பிள்ளை திரையை எட்டிப் பார்த்தான். வரைபடத்தில் ஒரு நீலப் புள்ளி சரியாக அவன் இடத்தில் நின்றுகொண்டிருந்தது. எந்த வரிசை, எந்த நாற்காலி என்றுகூட அவனால் சொல்லியிருக்க முடியும்.

“நேத்து ராத்திரி நம்ம வீட்டுக்கு யாருமே வரலையே,” என்றார் மாமியார், காலண்டரைப் பார்த்து.

“திருடன் நேரம் போட்டுட்டா வருவான்?” என்றார் மாமனார், சோஃபாவின் வயிற்றிலிருந்து.

“கெளம்புங்க எல்லாரும். ஆஸ்பத்திரிக்குப் போவோம். அங்க வாசல்ல செக்யூரிட்டி இருப்பான்ல? கேட்டா சொல்லிருவான் ராத்திரி அங்க யாரு இருந்தான்னு. நான் பேசறேன். வாட்ச்மேன் பாஷை எனக்குத் தெரியும்.”

செக்யூரிட்டி சொல்லுவார்தான். மாமியாருக்குப் பின்னால் மாப்பிள்ளையைப் பார்த்ததும், ‘என்ன சார் பகல்லயே? பெரியப்பாவுக்கு எப்படி இருக்கு?’ என்று அன்பொழுக விசாரிப்பார். அவனுக்குப் பெரியப்பாவே கிடையாது என்பது கல்யாணத்தின்போதே இவர்களுக்குத் தெரியும்.

“நான் போறேன் அத்தை,” என்றான். குரல் அவன் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. “நீங்க எதுக்கு அலையணும்? நான் ஒரு ஆளு போய்ட்டு வந்துடறேன்.”

மாமியார் அவனைப் பார்த்த பார்வையில் இரண்டு வருடத்து மரியாதை திரண்டு நின்றது.

“ராத்திரியெல்லாம் வேல பாத்துட்டு வந்திருக்கீங்க. கண்ணப் பாருங்க, எப்படிச் செவந்திருக்கு.”

“பரவால்ல அத்தை. ஒரு நாளு தூங்கலைன்னா என்ன?”

“நானும் வரேன்,” என்று மாமனார் திருப்புளியோடு எழுந்தார்.

“நீங்க மொதல்ல சோஃபாவ மாட்டுங்க,” என்றார் மாமியார். “மாப்பிள்ளை, வெயில் கொளுத்துது. தண்ணி பாட்டில் எடுத்துட்டுப் போங்க.”

அறைக்குள் வந்து சட்டையை மாற்றினான். கதவுக்குப் பின்னால் ஆணியில் சாப்பாட்டுப் பை தொங்கியது. டப்பாவை ஆஸ்பத்திரிக் குழாயிலேயே கழுவி, காலை ஆறு மணிக்குச் சமையலறை அலமாரியில் கவிழ்த்துவைத்துவிட்டு, பையை இங்கே மாட்டிவிடுவான். கழுவிய டப்பாவைப் பற்றி மாமியாருக்குத் தனிப் பெருமை. ‘எந்த வீட்டு மாப்பிள்ளை கழுவி எடுத்துட்டு வரான்?’ என்று பெரியக்காவிடம் வாரம் ஒரு முறையாவது சொல்லிவிடுவார்.

தண்ணீர் பாட்டிலைப் பைக்குள் செருகினான். கீழே எதிலோ கடினமாக முட்டியது. டப்பா சூடு ஆறாமல் இருக்க மாமியார் பைக்குள் விரித்துவைக்கும் பழைய துண்டு அடியில் கிடந்தது. அதைத் தூக்கினான். துண்டின் மடிப்புக்குள், கறுப்பாக, சில்லென்று, மாமியாரின் போன்.

கட்டிலில் உட்கார்ந்துவிட்டான்.

பேசி முடித்த போனை டப்பா கிளிப்பை அமுக்குவதற்காகப் பைக்குள் வைத்திருக்கிறார். அதன்மேல் துண்டு, துண்டின்மேல் டப்பா. அவன் அதைத் தோளில் சுமந்து போய், பக்கத்து நாற்காலியில் வைத்து, டப்பாவை மட்டும் எடுத்துத் தின்று, திரும்பவும் சுமந்து வந்திருக்கிறான். உலகத்திலேயே தன்னைத்தானே வேவு பார்க்கும் கருவியைச் சோற்றோடு கட்டிக்கொண்டு போனவன் அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

வெளியே போய், ‘இந்தாங்க அத்தை, பைக்குள்ளயே இருந்துச்சு’ என்று நீட்டலாம். எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் மச்சான் திரையைப் பார்ப்பான். அப்படியானால் பை எதற்கு ஆஸ்பத்திரிக்குப் போனது என்று கேட்பான். சோஃபாவுக்கு அடியில் போட்டுவிட்டுக் கண்டெடுக்கலாம். ஆனால் மாமனார் அந்தச் சோஃபாவின் குடல்வரை பார்த்துவிட்டார். அங்கே இனி ஒரு குண்டூசிகூடப் புதிதாகத் தோன்ற முடியாது.

அப்புறம்தான் புத்தி வேலை செய்தது. போன் ஆஸ்பத்திரியில் இருப்பதாக எல்லோரும் நம்புகிறார்கள். அவன் ஆஸ்பத்திரிக்குத்தான் கிளம்பிக்கொண்டிருக்கிறான். போனோடு திரும்பி வந்தால் போதும். பொய்யே சொல்லவேண்டியதில்லை, கொஞ்சம் நடித்தால் போதும். அதில் இருபத்துமூன்று நாள் பயிற்சி இருக்கிறது.

போனைக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, முகத்தை இறுக்கிக்கொண்டு கிளம்பினான். மாமியார் வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

“பத்திரம் மாப்பிள்ளை. கத்தி கித்தி வெச்சிருக்கப் போறான்.”

இரண்டு தெரு தள்ளி ஒரு பஸ் நிறுத்தத்தில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தான். பதினோரு பஸ் வந்து போனது. ஒவ்வொரு ஓட்டுநரும் அவனுக்காக நிறுத்தி, அவன் ஏறாததைப் பார்த்து முறைத்துவிட்டுப் போனார். அதற்குள் கதை தயாராகிவிட்டது. கூடம் பெருக்குகிற அம்மாள் நாற்காலிக்கு அடியில் போனைக் கண்டெடுத்தார். செக்யூரிட்டியிடம் கொடுத்தார். செக்யூரிட்டி முதலில் தர மறுத்தார். பின்னால் ஒட்டியிருந்த பூப்படத்தை அடையாளம் சொன்ன பிறகுதான் தந்தார். மீசை வைத்த செக்யூரிட்டி. மீசை நல்ல யோசனையாகப் பட்டது.

ஒன்றேகாலுக்கு வீடு திரும்பினான். கதவு திறந்ததும் போனை நீட்டினான்.

“அய்யோ!” என்று மாமியார் கத்திவிட்டு, பழக்கதோஷத்தில் வாயைப் பொத்திக்கொண்டார்.

“அத்தான், மாஸ்!” என்றான் மச்சான்.

கதையைச் சொன்னான். மீசைக்கு நல்ல வரவேற்பு. மாமனார்கூடத் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். மாமியார் தன் கையாலேயே மேசையைத் துடைத்து, அவனை உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார். தூக்கம் கெட்டு, வெயிலில் அலைந்து, திருடன் கையிலிருந்து போனை மீட்டு வந்த மாப்பிள்ளை. சாப்பாடு இறங்கியது. தன்னைப் பற்றி அவனுக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

“நீயும்தான் இருக்கியே,” என்றார் மாமியார் மகனிடம். “ஒக்காந்த எடத்துல புள்ளியப் பாத்துக்கிட்டு. போய் எடுத்துட்டு வந்தது யாரு?”

“புள்ளியக் காட்டினது யாரு?”

“புள்ளி சோறு போடுமா?”

மாப்பிள்ளை அடக்கமாகத் தலைகுனிந்து சாப்பிட்டான். அங்கேயே நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பான். ஆனால் நிறுத்துவது அவன் கையில் இல்லை. மாமியார் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, காலண்டர் தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு மகன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“சரி. இப்ப திருடனப் புடிப்போம்.”

“போன்தான் கெடச்சிடுச்சே அத்தை,” என்றான் மாப்பிள்ளை.

“போன் கெடச்சா போதுமா? இன்னிக்கி போன எடுத்தவன் நாளைக்கி என்னத்த எடுப்பான்? எத்தன மணிக்கு வீட்ட விட்டு வெளிய போச்சுன்னு தெரியணும். நேரம் தெரிஞ்சா ஆளு தெரிஞ்சிரும். டேய், அது கெளம்பின நேரம் இருக்கா இதுல?”

“கெளம்பினது, நின்னது, நடந்தது எல்லாம் இருக்கும்மா.”

“அத ஏன்டா காலையிலயே பாக்கல?”

“நீ எங்க இருக்குன்னுதான கேட்ட? எங்க கஸ்டமர்ங்களும் அப்படித்தான். வண்டி இப்ப எங்கன்னு கேப்பாங்களே தவிர, எப்படி வந்துச்சுன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க.”

“போன்ல சார்ஜ் ஏறட்டும் மச்சான்,” என்றான் மாப்பிள்ளை. “அவசரம் என்ன?”

“அதுக்குப் போனே வேணாம் அத்தான். எல்லாம் சர்வர்ல இருக்கு.” மச்சான் விரலால் எதையோ தட்டினான். “தோ. வீட்ட விட்டுக் கெளம்பினது ராத்திரி ஒம்போது நாலு.”

மாமியார் எழுதினார். வெளியே: ஒன்பது நான்கு. எழுதி முடித்ததும் பென்சில் தாளிலேயே நின்றது.

“அப்பறம்?”

“ஒம்போது பன்னெண்டு, பஸ் ஸ்டாப். பஸ்தான் ஏறியிருக்கான், ஸ்பீடு தெரியுது. ஒம்போது முப்பத்தெட்டு, ஆஸ்பத்திரி.” மச்சான் நிமிர்ந்தான். கண்கள் பளபளத்தன. “அத்தான்! நீங்களும் ஒம்போது மணிக்குத்தான கெளம்பினீங்க? அவன் உங்க பின்னாடியேதான் வந்திருக்கான்! ஒரே பஸ்ஸா இருந்தாலும் இருக்கும்! நீங்க யாரையாச்சும் பாத்தீங்களா?”

“கவனிக்கல,” என்றான் மாப்பிள்ளை.

“அப்பறம்?” என்றார் மாமியார் மறுபடி. இந்தத் தடவை அவர் மகனைப் பார்த்துக் கேட்கவில்லை.

“அப்பறம் அசையவே இல்லம்மா, விடியற வரைக்கும். ரெண்டு மணிக்கு மட்டும் கொஞ்சம் நகந்திருக்கு. இருபது அடி. அஞ்சு நிமிஷத்துல திரும்ப அதே எடம்.” மச்சான் மோவாயைத் தடவினான். “திருடிட்டுப் போய் ராத்திரி பூரா ஆஸ்பத்திரியில தூங்கற திருடன நான் கேள்விப்பட்டதே இல்ல.”

“அவன் திருடன் இல்லடா,” என்றார் மாமனார். சோஃபாவின் நான்காவது காலைத் திருகிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கவே இல்லை. “சாப்பாட்டுப் பை.”

மச்சான் புரியாமல் அப்பாவைப் பார்த்தான். பிறகு அம்மாவைப் பார்த்தான். பிறகு மெதுவாக, ‘இன்னும் இரண்டு நிமிடம்’ என்று பொய் சொல்லி மாட்டிக்கொண்ட டிரைவரைப் பார்ப்பதுபோல அத்தானைப் பார்த்தான்.

டைம் ஆபீஸில் மாமியார் யாரையும் பார்த்துக் கத்தியதில்லை என்று கேள்வி. கார்டைக் காட்டுவாராம். அவ்வளவுதான். ஆட்கள் தாமாக அழுவார்களாம்.

“மாப்பிள்ளை,” என்றார். “ரெண்டு மணிக்குத்தான சாப்பிடுவீங்க?”

“ஆமா அத்தை.”

“டப்பாவக் கழுவி எடுத்துட்டு வருவீங்களே. அது அந்த ஆஸ்பத்திரிக் குழாய்லயா?”

அவன் தட்டைப் பார்த்தான். தட்டில் ஒளிந்துகொள்ள இடம் இல்லை.

“ஆமா அத்தை.”

“நான் பெரியக்காகிட்டயெல்லாம் சொன்னேன்,” என்றார் மாமியார். அது அவனிடம் சொன்னதுபோல இல்லை. பிறகு பென்சிலைத் திருப்பிப் பிடித்தார். “எத்தன நாளா?”

“இருபத்தி மூணு.”

“அவங்க நிறுத்தினாங்களா, நீங்களா நின்னீங்களா?”

“நானாத்தான்.”

“சொல்லிட்டு நின்னீங்களா?”

ஸ்கேனரை நினைத்துக்கொண்டான். “இல்ல.”

“அப்ப ஆப்சென்ட்,” என்று எழுதிக்கொண்டார். “அந்த மீசைக்காரச் செக்யூரிட்டி?”

“மீசையில்ல அத்தை.”

“பெருக்கற அம்மா?”

“அவங்க இருக்காங்க. ஆனா போன எடுக்கல.”

“அதானே. இவ்ளோ நல்லவங்க ஒரே எடத்துல ரெண்டு பேரான்னு அப்பவே எனக்கு ஒதைச்சுது.”

மச்சானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அதைத் திரும்ப விழுங்கினான். அப்புறம் அவனுக்கு வேறொன்று உறைத்திருக்கவேண்டும். கழுத்தில் மாலையாகக் கிடந்த ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் பொத்தென்று போட்டான்.

“அப்ப நான் ஒரு வருஷமா டைப் அடிக்கறேனே, அதுல இந்த இருபத்தி மூணு நாளு எதுக்கு அத்தான்?”

மாப்பிள்ளை தட்டில் மிச்சமிருந்த சோற்றைப் பிசைந்தான். வேண்டுமானால் பெரியப்பாவைப் பற்றிச் சொல்லலாம்.

மாமியார் எழுந்து போய்ச் சார்ஜிலிருந்த போனை எடுத்து வந்தார். பதினெட்டு சதவீதம் ஏறியிருந்தது. அதை அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“போன் காணோம்னு காலையிலயே இவன் அக்காவுக்குச் சொல்லிட்டான். வேலைக்கு நடுவுல பயந்துக்கிட்டே இருப்பா. கெடச்சிருச்சுன்னு சொல்லிடுங்க.”

“நானா?”

“கண்டுபுடிச்சது நீங்கதான? எங்க கெடச்சுதுன்னு கேப்பா. அதையும் நீங்களே சொல்லிருங்க. உங்க கார்ட நான் அடிக்கக் கூடாது.”

அவன் மனைவி பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கிறாள். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் மற்றவர்களின் வாயைத் திறக்கச் சொல்கிற வேலை. இரண்டு வருடமாகக் காலையில் அவன் நுழையும்போது அவள் எழுந்து கிளம்புவாள். மாலையில் அவள் வந்து இரண்டு மணி நேரத்தில் அவன் கிளம்புவான். அந்த இரண்டு மணி நேரத்திலும், ‘உடம்பப் பாத்துக்கோங்க, இந்த வேலை வேணாம், வேற பாத்துக்கலாம்’ என்று எத்தனையோ தடவை சொன்னவள் அவள்தான். அவளிடம் முதல் நாளே சொல்லியிருந்தால் ஒருவேளை இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருப்பாள். அவ்வளவுதான். அது அவனுக்கு இப்போதுதான் தோன்றியது. இருபத்துமூன்று ராத்திரி நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தவனுக்கு யோசிக்க நேரம் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

எண்ணை அழுத்தினான். மணி போய்க்கொண்டிருந்தது.

மாமனார் சோஃபாவை நிமிர்த்திப் போட்டு, அதில் உட்கார்ந்து, ஒரு தடவை குதித்துப் பார்த்தார். உறுதியாக இருந்தது. ரிமோட்டைத் தேடி எடுத்தார். டிவியில் ஒருவர் வழக்கம்போல வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். மாமனார் பொத்தானை அழுத்தி, விரலை எடுக்காமல் பிடித்துக்கொண்டார். முதலில் ஒரு முணுமுணுப்பு, பிறகு பேச்சு, பிறகு ஜன்னல் கண்ணாடி நடுங்குகிற அளவுக்கு ஒரு முழக்கம். இரண்டு வருடம் புருவத்தை மட்டும் பார்த்த மனிதர், அந்த ஆளின் குரல் இவ்வளவு கீச்சாக இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை போல. ஒரு கணம் முகம் சுளித்தார். ஆனாலும் குறைக்கவில்லை.

சமையலறையில் மாமியார் மிக்ஸியைப் போட்டார். உள்ளே ஏதாவது இருந்ததா, வெறும் ஜாரா என்று தெரியவில்லை. மச்சான் எழுந்து போய் அறைக் கதவைத் திறந்து, கறுப்புத் திரைச்சீலையை வளையங்கள் கிறீச்சிட ஒரே இழுப்பாக இழுத்துத் தள்ளினான். வெயில் கட்டில்வரை வந்து விழுந்தது. மாமனார் தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை மூடி, மூக்கைப் பொத்தாமல், வீடே அதிரத் தும்மினார்.

மறுமுனையில் மனைவி போனை எடுத்தாள்.

“அம்மா! கெடச்சிருச்சா? எங்க இருந்துச்சு?” பிறகு அவள் குரல் பதறிக் கிசுகிசுப்பாக இறங்கியது. “ஏம்மா, என்னம்மா அங்க இவ்ளோ சத்தம்? அவரு தூங்கறாரும்மா!”